அளவறிந்து எரித்தல்

மேற்குத் தொடர்ச்சி மலை தென்கோடியை நெருங்கித் தாழ்ந்து ஒடுங்கும் இடத்தில், நாஞ்சில் நாட்டின் கிழக்கு வாயிலாக விளங்குவது ஆரல்வாய்மொழிக் கணவாய். கணவாய்க்கு மேற்கே நெல் வயலும் வாழைத் தோட்டமும் தென்னஞ்சோலையும் கண்ணுக்கு எட்டிய மட்டும் பசுமை பரப்பும். கிழக்கே சிறிது தொலைவு சென்றால் பனையும் உடைமரமும் நிற்கும் வறண்ட நிலம் தொடங்கும். ஒரே மலையின் இரு பக்கங்களில் இத்துணை வேறுபாடு காண்பது புதியோர்க்கு வியப்பளிக்கும். அதனினும் வியப்பளிப்பது அங்கு வீசும் காற்று.

அரபிக்கடலிலிருந்து எழுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மலையாகிய நெடுஞ்சுவரில் மோதித் தடைப்படுகிறது. இடையே கணவாயைக் கண்டதும் அவ்வழியே ஒருங்கு திரண்டு பாய்கிறது. அகன்று வந்த ஆறு குறுகிய பாலத்தின் கீழ் நுழையும்போது விரைவு கொள்வதை இதற்கு ஒப்பிடலாம். மே மாதம் முதல் செப்டம்பர் வரையில் இக்காற்றின் ஆட்சிதான். காற்றின் விரைவு இருமடங்கு ஆனால் அதனிடமிருந்து பெறத்தக்க ஆற்றல் எண்மடங்கு ஆகும் என்பது இயற்பியல் கூறும் கணக்கு. ஆதலின், காற்றாலை அமைப்போர்க்கு இவ்விடம் ஒரு புதையல். தமிழ்நாட்டின் முதற் காற்றாலைத் தொகுதி 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்து அரசு முயற்சியால் அமைந்தது. பின்னர்த் தனியாரும் இத்துறையில் இறங்கினர். கணவாயை ஒட்டிய முப்பந்தலையும் அதன் சுற்றுப்புறத்தையும் காற்றாலைகள் காடு போல் மூடின. இன்று அங்குள்ளவற்றின் திறன் ஏறத்தாழ 1,500 மெகாவாட் எனக் கணக்கிடுவர்.

இக்காற்றாலைகளுள் பல, அவ்வூராருக்கு உரியவை அல்ல. தொலைவிலுள்ள கொங்கு நாட்டு நூற்பாலைகளும் பிற தொழிற்சாலைகளும் தமக்கு வேண்டும் மின்சாரத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும் நோக்கத்துடன் தென் மாவட்டங்களில் காற்றாலைகளை நாட்டின. முப்பந்தலில் பிறக்கும் மின்சாரம் கோவையிலுள்ள ஆலைக்கு எவ்வாறு சென்று சேரும் என்று மாணவர் கேட்கக்கூடும். ஓரூர் வங்கியில் பணத்தைச் செலுத்தி மற்றோர் ஊர்க் கிளையில் எடுத்துக்கொள்வதில்லையா? அதுபோலக் காற்றாலை தன் மின்சாரத்தை மின் வாரியத்தின் கம்பியில் சேர்க்கும். ஆலை தன் ஊரில் அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளும். இடைப்பட்ட பணிக்கு வாரியம் கட்டணம் பெறும். இயந்திர விலையில் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளச் சட்டம் பல்லாண்டு இடமளித்தமையும் இம்முயற்சிக்கு ஊக்கம் தந்தது. ஊக்கம் எதுவாயினும் விளைவு நல்லதே. நிலக்கரியை எரிக்காமல், புகையைக் கக்காமல், கோடிக்கணக்கான யூனிட் மின்சாரம் ஆண்டுதோறும் கிடைக்கிறது.

ஆயினும், காற்றாலை ஒன்றை நாட்டிவிட்ட அளவில் ஒரு நிறுவனம் ஆற்றலைப் பொறுப்புடன் பயன்படுத்துகிறது என்று சொல்லிவிட முடியுமா? நிறுவனம் என்பது ஆலையாக இருக்கலாம்; அலுவலகம், மருத்துவமனை, கல்லூரி, விடுதி, கோயில், ஊராட்சி எதுவாகவும் இருக்கலாம். பெறும் மின்சாரத்தை அது எவ்வாறு செலவிடுகிறது என்று பார்த்த பின்னரே இதற்கு விடை கூற இயலும். அடியில் ஓட்டையுள்ள குடத்தை மேலும் மேலும் நிரப்புவதிற் பயனில்லை. ஓட்டையை அடைப்பதற்குச் செலவு குறைவு; ஆனால் அது வெளியே தெரியாத வேலை. காற்றாலையோ பத்துக் கல் தொலைவிலிருந்து பார்த்தாலும் தெரியும். இக்காரணத்தாலேயே பல நிறுவனங்கள் இரண்டாவதாகச் செய்யவேண்டியதை முதலிற் செய்கின்றன.

வீட்டில் நிகழாத வீண் செலவு நிறுவனத்தில் நிகழ்வதற்குக் காரணம் உண்டு. வீட்டில் விளக்கை ஏற்றுபவரும் கட்டணம் செலுத்துபவரும் ஒரே குடும்பத்தார். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை வரும் கணக்கைப் பார்த்து, "யார் விசிறியை நிறுத்தாமல் போனது?" என்று தாய் கேட்பாள். நிறுவனத்திலோ பொத்தானை அழுத்துபவர் ஒருவர். கணக்கைப் பார்ப்பவர் மற்றொருவர். பணம் கொடுப்பவர் வேறொருவர். கணக்கைப் பார்ப்பவருக்கு எந்த அறையில் எத்தனை விளக்கு எரிந்தது என்று தெரியாது. எரித்தவருக்கு அதனால் எவ்வளவு செலவாயிற்று என்று தெரியாது. இருவரும் குற்றமற்றவரே. எனினும் ஆளில்லா அறையில் விசிறி சுழன்றுகொண்டே இருக்கிறது. 75 வாட் விசிறி ஒன்று மாலையில் நிறுத்தப்படாமல் மறுநாட் காலை வரை பதினான்கு மணி நேரம் சுழன்றால், ஒரு யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வீணாகிறது. நம் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியால் உண்டாவது. ஆகவே ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு காற்றிற் கலக்கிறது. யாருக்கும் காற்று வீசாத அந்த ஓர் இரவுக்கு இவ்வளவு விலை.

நாஞ்சில் நாட்டார்க்கு இவ்வுண்மை புதிதன்று; மின்சாரத்தில் அன்று, தண்ணீரில் அவர்கள் இதனைக் கற்றிருக்கின்றனர். இம்மாவட்டத்தில் குளங்கள் மட்டும் 2,000-க்கு மேற்பட்டவை. 1906-ஆம் ஆண்டில் பேச்சிப்பாறை அணை எழுந்த பின்னர்க் கால்வாய்கள் வழியே பல குளங்களுக்கு நீர் வந்தது. பலர்க்குப் பொதுவான நீரை, யாரும் கேட்பாரின்றித் திறந்துவிட்டால் கடைமடை வயல் காயும். அதனால் மடையைத் திறப்பதற்கும் அடைப்பதற்கும் பொறுப்பானவர் ஒருவர் வேண்டும். இன்ன வயலுக்கு இவ்வளவு நேரம் என்ற முறை வேண்டும். நீர் வளம் மிக்க நாட்டிலேயே அளவு வேண்டியிருந்தது. மின்சாரத்திற்கு மடை கண்ணுக்குத் தெரிவதில்லை, வேறுபாடு அவ்வளவே.

ஆகவே நிறுவனம் முதலிற் செய்யத்தக்கது அளத்தல். வாயிலில் உள்ள ஒரே மின்மானி மாத முடிவில் ஒரு பேரெண்ணைக் காட்டும்; அவ்வெண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நூற்பாலையில் நூற்கும் எந்திரங்களுக்குத் தனி மானி, கூடத்தில் ஈரப்பதம் காக்கும் அமைப்புக்குத் தனி மானி, கம்பிரசருக்குத் தனி மானி, விளக்குகளுக்குத் தனி மானி என்று பிரித்து அளக்கும்போதுதான் உண்மை வெளிப்படும். ஒரு கிலோ நூலுக்கு இத்தனை யூனிட் என்று கணக்கிட்டுச் சென்ற மாதத்தோடு இம்மாதத்தை ஒப்பிட வேண்டும். பனிக்கட்டி ஆலையாயின் ஒரு டன் பனிக்கட்டிக்கு எத்தனை யூனிட். மருத்துவமனையாயின் ஒரு படுக்கைக்கு எத்தனை யூனிட். பள்ளியாயின் ஒரு மாணவருக்கு எத்தனை யூனிட். உற்பத்தி பெருகினால் மொத்தச் செலவும் பெருகும், அதில் வியப்பில்லை. உற்பத்தி பெருகாமலே இவ்வெண் ஏறினால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பது பொருள்.

அவ்வோட்டைகள் எத்தகையவை என்பதற்குக் கம்பிரசர் நல்ல எடுத்துக்காட்டு. பல ஆலைகளில் கருவிகளை இயக்குவதற்குக் காற்றை அழுத்திக் குழாய்களில் அனுப்புவர். குழாய் இணைப்புகளிற் சிறு துளைகள் தோன்றும். வெளியேறுவது காற்று, நீரைப் போலத் தரையை நனைப்பதில்லை, எண்ணெயைப் போலக் கறை படுத்துவதில்லை. ஆதலால் ஒருவரும் கவலை கொள்வதில்லை. பராமரிப்புக் குன்றிய ஆலைகளில் அழுத்திய காற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இவ்வாறு கசிந்து போவதுண்டு. அக்காற்றை அழுத்துவதற்கு மோட்டார் உண்ட மின்சாரம் முழுதும் வீண். இதனைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. விடுமுறை நாளில் எந்திரங்கள் ஓய்ந்திருக்கும்போது கம்பிரசரை மட்டும் இயக்கிவிட்டுக் குழாய் நெடுகிலும் நடந்தால், 'உஸ்' என்னும் ஓசை துளையைக் காட்டிக்கொடுக்கும். ஐயமுள்ள இடத்தில் சோப்பு நுரையைத் தடவினால் குமிழி எழும். ஒரு நாள் வேலை. சில வாஷர்களின் விலை. காற்றாலை ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் இது செலவே அன்று.

விசிறியின் கணக்கையும் பார்க்கலாம். பழைய வகை விசிறி ஏறக்குறைய 75 வாட் கொள்ளும். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி ஏறக்குறைய 30 வாட்டில் அதே காற்றைத் தரும். 100 விசிறிகள் உள்ள பள்ளி ஒன்று, நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஆண்டில் 200 நாள் அவற்றை இயக்குவதாகக் கொள்வோர், விசிறிகளை மாற்றினால் மிச்சமாவது 7,200 யூனிட் என்று எளிதில் கணக்கிடலாம். ஏறத்தாழ ஐந்து டன் கரியமில வாயு காற்றிற் கலவாமல் தடுக்கப்படும். குழல்விளக்கின் இடத்தில் எல்.இ.டி. விளக்கு வைப்பதும் இத்தகையதே. குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிஞ்சும் என்று எரிசக்தித் திறன் செயலகம் கூறுகிறது. புது அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியிலேயே இயங்கத் தொடங்குமாறு 2020-ஆம் ஆண்டு முதல் விதியும் செய்யப்பட்டது. வெளியே வெயிலில் வந்தவர் உள்ளே போர்வை தேடும் அலுவலகங்கள் இன்னும் உள்ளன என்பது வேறு செய்தி.

குளிர்சாதனமே வேண்டாத கட்டடம் எழுப்புவது இவை அனைத்தினும் சிறந்தது. அதற்குரிய பாடம் இம்மாவட்டத்திலேயே, தக்கலைக்கு அருகில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி வரையில் திருவிதாங்கூர் அரசின் தலைமையிடமாக விளங்கியது பத்மநாபபுரம் அரண்மனை. 1956-ஆம் ஆண்டில் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அவ்வரண்மனையைக் கேரள அரசே பேணி வருகிறது. அங்கு மன்னர் அமைச்சரோடு கூடி ஆராய்ந்த மந்திரசாலை என்னும் கூடம் உண்டு. இன்றைய வழக்கில் அதனை அலுவலகக் கூட்ட அறை என்று சொல்லலாம். மரச் சட்டங்களினூடே காற்று நுழைகிறது. வண்ண அபிரகத் தகடு பதித்த சாளரங்கள் வெயிலின் கொடுமையையும் புழுதியையும் தடுக்கின்றன. தாழ்ந்து இறங்கிய ஓட்டுக்கூரை சுவரில் வெயில் படாமற் காக்கிறது. நண்பகலிலும் அக்கூடம் தண்ணென்றிருக்கும். கடலோர வெப்பத்தையும் மழையையும் அறிந்த தச்சர் செய்த வேலை அது. இன்று நாற்புறமும் கண்ணாடிச் சுவர் எழுப்பி, வெயிலை உள்ளே அழைத்து, பிறகு அதனை வெளியேற்ற மின்சாரம் செலவிடும் கட்டடங்களைக் காணும்போது, அத்தச்சர்களிடம் கற்க வேண்டியது மிகுதி என்றே தோன்றும்.

ஆற்றல் என்றவுடன் மின்சாரம் ஒன்றையே எண்ணுவது வழக்கமாகிவிட்டது. அடுப்பில் எரிவதும் ஆற்றலே. விடுதி, மருத்துவமனை, சத்துணவுக் கூடம் ஆகியவற்றின் சமையலறையில் நாள்தோறும் எரிவாயு எரிகிறது. இந்தியாவுக்கு வேண்டும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருவது. அதே சமையலறையின் பின்புறத்தில் எஞ்சிய சோறும் காய்கறித் தோலும் குப்பையாகக் குவிகின்றன. இவ்விரண்டையும் இணைத்துக் காண்பதே அறிவுடைமை. 1972-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுப் பிரிவு, சாண எரிவாயுக் கலன்களைப் பரப்பியதோடு, சமையலறைக் கழிவிலிருந்து எரிவாயு தரும் 'சக்தி சுரபி' என்னும் கலனையும் உருவாக்கியது. காற்றுப் புகாத கலனில் நுண்ணுயிர்கள் கழிவைச் செரித்து வாயுவை வெளியிடுகின்றன. எஞ்சும் குழம்பு வயலுக்கு உரமாகிறது. இவ்வாயு ஒரு கன மீட்டர், ஏறத்தாழ அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த சமையல் எரிவாயுவுக்கு ஒப்பாகும். இப்பணிக்காக 2006-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆஷ்டன் விருது அப்பிரிவுக்குக் கிடைத்தது.

ஒரு பொருளை இருமுறை பயன்கொள்ளும் இம்முறைக்கு மலைமேல் மற்றொரு சான்று உண்டு. கோதையாற்று நீர் முதல் மின் நிலையத்தில் 60 மெகாவாட் திறனுள்ள எந்திரத்தைச் சுழற்றுகிறது. கீழே இறங்கி இரண்டாம் நிலையத்தில் 40 மெகாவாட் எந்திரத்தைச் சுழற்றுகிறது. அதன் பின்னரும் வற்றாமல் பேச்சிப்பாறையை அடைந்து வயல்களுக்குப் பாய்கிறது. சர்க்கரை ஆலைகள் வெப்பத்தை இவ்வாறே கையாள்கின்றன. கரும்புச் சக்கையை எரித்து எழுப்பிய நீராவி முதலில் மின்சாரம் தருகிறது. அழுத்தம் குறைந்த பிறகு சாற்றைக் காய்ச்சுகிறது. இம்மாவட்டத்து முந்திரி ஆலைகளில் முந்திரி ஓட்டையே அடுப்பில் இடும் வழக்கமும் உண்டு. விறகு மிஞ்சுகிறது, நன்று. ஆனால் ஓட்டில் எண்ணெய் மிகுதி. தக்க அடுப்பின்றி எரித்தால் கரும்புகை அக்கம் பக்கத்தாரை வருத்தும். கழிவை எரிபொருளாக்குவோர் புகைக்கும் கணக்கு வைக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் அரசு சட்டத்தாற் செய்விக்கலாகாதா என்று கேட்போர் உளர். ஓரளவு செய்துள்ளது. 2001-ஆம் ஆண்டில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டில் எரிசக்தித் திறன் செயலகம் தோன்றியது. ஆற்றலை மிகுதியாகச் செலவிடும் ஆலைகள் எரிசக்தி மேலாளர் ஒருவரை அமர்த்த வேண்டும், தணிக்கையும் செய்விக்க வேண்டும் என்ற முறை வந்தது. 2012-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம் ஒன்றின் முதற் சுற்றில், நூற்பாலை, சிமெண்டு, இரும்பு முதலிய எட்டுத் துறைகளைச் சேர்ந்த 478 ஆலைகளுக்குக் குறைப்பு இலக்கு விதிக்கப்பட்டது. இலக்கை மிஞ்சியவர் சான்றிதழ் பெற்று, தவறியவருக்கு அதனை விற்கலாம். நல்ல ஏற்பாடு. ஆயினும் சட்டத்தின் வலை பெரிய மீனைப் பிடிப்பது. நாஞ்சில் நாட்டு அரிசி ஆலை, குளச்சற் கடற்கரைக்குப் பனிக்கட்டி தரும் ஆலை, பள்ளி, திருமண மண்டபம் ஆகியவை அவ்வலையில் அகப்படா. அவை தாமே தமக்கு மேலாளரை அமர்த்திக்கொள்ள வேண்டியவை.

"எம் காற்றாலையே எமக்கு வேண்டியதைத் தருகிறது, பிறகு சிக்கனம் எதற்கு?" என்று ஆலை உரிமையாளர் ஒருவர் கேட்கலாம். பருவக்காற்று ஓய்ந்த பின்னர் அவர் ஆலை எதனால் ஓடும் என்பது எதிர்க் கேள்வி. தைத் திங்களில் முப்பந்தலின் இறக்கைகள் பல அசையாமல் நிற்கும்; அப்போது மின்வாரியம் நிலக்கரியைத்தான் பெரிதும் நம்புகிறது. மேலும், நல்ல காற்று வீசும் இடம் வரம்புடையது. முப்பந்தலின் சிறந்த இடங்களைத் தொடக்க காலத்துச் சிறு காற்றாலைகள் பிடித்துக்கொண்டுள்ளன. அவற்றை அகற்றி ஆற்றல் மிக்கவற்றை நாட்டுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டில் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஓர் ஆலை வீணாக்காமல் விட்ட காற்று மின்சாரம் மற்றோர் இடத்தில் நிலக்கரியைத் தடுத்திருக்கும். தன் பணத்தால் வாங்கிய காற்றாலையாயினும், அதன் விளைவை வீணாக்க உரிமை உண்டு என்பது பொருந்தாது.

வரிசை பிறழாமல் நடந்துகொண்ட நிறுவனம் எது என்று தேடினால், விடை பெரிய ஆலைகளினிடையே இல்லை. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை என்னும் ஊராட்சியில் இருக்கிறது. அவ்வூராட்சியின் மின் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. தலைவராயிருந்த இரா. சண்முகமும் உறுப்பினரும் கணக்கைப் பிரித்துப் பார்த்தனர். குடிநீர் இறைப்பதும் தெருவிளக்குமே செலவின் பெரும்பகுதி என்று கண்டனர். மரக் கழிவிலிருந்து வாயு எடுத்து நீர் இறைக்கும் சிறு எந்திரம் ஒன்றை 2003-ஆம் ஆண்டை ஒட்டி அமைத்து, அச்செலவைக் குறைத்தனர். சில தெருக்களில் சூரிய விளக்குகள் வந்தன. இவற்றின் பின்னரே, 2006-ஆம் ஆண்டில், ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து ஒன்றரைக் கோடி ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினர். தம் ஊரில் காற்றுப் போதாமையால், நூற்பாலைகள் செய்தது போலவே, தொலைவில் உடுமலைப்பேட்டைப் பக்கம் அதனை நாட்டினர். ஊராட்சியின் தேவை முன்பே அளந்தறியப்பட்டிருந்தது. காற்றாலை தந்த மின்சாரம் அத்தேவையை நிறைவு செய்தது. மிஞ்சியது மின் வாரியத்திற்கு விற்கப்பட்டது. அவ்வருவாயிலிருந்து வங்கிக் கடன் தவணை தவணையாக அடைபட்டது.